எந்தப் பக்கம் நின்றாய்?



2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை. அந்நாளில் நான் கடலூரை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். செபமாலை முடிந்து மக்கள் கலைந்துவிட்டனர். கோவில் முற்றத்து வேப்ப மரத்தடியில் ஓர் இளைஞன் மட்டும் எனக்காகக் காத்து நின்றான். எங்கள் பங்குப் பிள்ளைதான். சிறு வயதில் பீடச் சிறுவனாக இருந்தவன். பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். நான்கு சொற்களைச் சேர்ந்தாற்போல் பேச மாட்டான். அன்று அவன் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஓர் ஒளி.

"ஃபாதர், உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று சொல்லிக் கைப்பேசியை நீட்டினான்.

திரையில் ஒரு படம். முன்னே நடிகர் விஜய் நிற்கிறார். அவருக்குப் பின்னே கண்ணுக்கெட்டிய தூரம் மனிதத் தலைகள். அவன் இரு விரல்களால் அப்படத்தைப் பெரிதாக்கினான், மேலும் பெரிதாக்கினான். முகங்களெல்லாம் கலங்கிக் கரைந்து, இறுதியில் ஒரு கரிய புள்ளி நின்றது. அதன்மேல் விரலை வைத்து, "இதுதான் நான், ஃபாதர். அவர் என்னைப் பார்த்தார்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். "தம்பி, இத்தனை ஆயிரம் பேர் நடுவில் உன்னை எப்படியப்பா பார்த்திருப்பார்? போய் வேலை தேடும் வழியைப் பார்" என்றேன். ஊதி அணைத்த விளக்குப்போல் அவன் முகம் ஆயிற்று. "சரி ஃபாதர்" என்று சொல்லிக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் காட்ட வந்ததில்லை.

அன்று நான் சிரித்த அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இம்மாதம் இப்பக்கத்தில் எழுதுகிறேன்.

அப்படம் எடுக்கப்பட்ட வரலாற்றை உங்களில் பலர் அறிவீர்கள். நம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் 'மாஸ்டர்' என்னும் திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 5ஆம் நாள் வருமான வரித்துறை அலுவலர்கள் அங்கு வந்து விஜயைச் சென்னைக்கு அழைத்துச் சென்றனர். விசாரணை முடிந்து அவர் மீண்டும் படப்பிடிப்புக்குத் திரும்பினார். செய்தி பரவவே, சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் நெய்வேலியில் திரண்டனர். அவர் ஒரு வாகனத்தின் மேல் ஏறி நின்று, தமக்குப் பின்னால் கூட்டம் தெரியுமாறு ஒரு செல்ஃபி எடுத்தார். நெய்வேலிக்கு நன்றி கூறி, பிப்ரவரி 10 அன்று அதை டுவிட்டரில் வெளியிட்டார். அவ்வாண்டில் இந்தியாவில் மிகுதியாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு அதுவே என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. உலகெங்கும் சென்ற அப்படத்தில் எங்கள் பங்குப் பிள்ளை ஒரு புள்ளியாக இருந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சிரித்தது குற்றம் என்று அப்போது நினைக்கவில்லை. ஆனால் பல்லிடுக்கில் அகப்பட்ட நார்போல ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று புலப்பட நள்ளிரவாயிற்று.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தார். எனக்கு அப்போது வயது பதினாறு. என் தந்தை கைமாற்று வாங்கிய பணத்தில் என்னை அழைத்துக்கொண்டு முதல் நாள் இரவே பேருந்து ஏறினார். விடியுமுன் சாலையோரத்தில் இடம் பிடித்தோம். வெயில் ஏறிற்று, கால் கடுத்தது, கட்டிக்கொண்டு போன புளிச்சோறு தீர்ந்தது. ஒரு மதிற்சுவரின் மேல் தொற்றி ஏறி நின்றேன். திடீரென்று ஓர் ஆரவாரம். வெண்ணிற உருவம் ஒன்று, உயர்ந்த கை ஒன்று. ஐந்தாறு நொடிகளில் எல்லாம் கடந்து போயிற்று. நான் கண்டது அவ்வளவே. கண்ணீர் வழிய, தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீடு திரும்பியதும் அடுப்படியில் இருந்த அம்மாவிடம் ஓடி நான் சொன்ன முதல் சொல் என்ன தெரியுமா? "அம்மா, அவர் என்னைப் பார்த்தார்!"

நான் கண்டவரும் தம் இளமையில் நாடக மேடையில் நடித்தவரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில், மறைவாக இயங்கிய ஒரு நாடகக் குழுவில் அவர் நடித்தார். 2014இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை ஒரு திரைப்பட நடிகரோடு ஒப்பிட நான் வரவில்லை. மதில்மேல் நின்ற பதினாறு வயதுச் சிறுவனையும், நெய்வேலியில் நின்ற இருபது வயது இளைஞனையும்தான் ஒப்பிடுகிறேன். அவ்விருவர் நெஞ்சமும் ஒரே விதமாகத்தான் துடித்தது. நான் சொன்ன அதே சொல்லைத்தான் அவனும் சொன்னான்.

ஆனால் என் அம்மா சிரிக்கவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா கண்ணு? நீ எந்தப் பக்கம் நின்றாய்?" என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். "கையை எப்படித் தூக்கினார்?" என்றார். தூக்கிக் காட்டினேன். அடுப்பில் தோசை கருகிற்று. அன்று முழுவதும், பின்பு பல நாட்களும், அக்கம் பக்கத்தார் வரும்போதெல்லாம் என்னை அழைத்து அக்கதையைச் சொல்லச் சொன்னார். குருமடத்தில் சேரும் எண்ணம் என்னுள் முளைத்தது அந்நாட்களில்தான். திருத்தந்தை என்னைப் பார்த்தாரா, இல்லையா என்பதை நான் அறியேன். என் அம்மா என்னைப் பார்த்தார். அதை நன்கு அறிவேன்.

சில ஆண்டுகள் கழித்து நான் சிதம்பரம் பகுதிக்கு மாற்றலாகி வந்தேன். நோயுற்றோரைச் சந்திக்கச் சென்றபோது, பிச்சாவரம் உப்பங்கழியில் படகு தள்ளிப் பிழைத்த ஒரு முதியவரைக் கண்டேன். படுக்கையில் கிடந்தார். நற்கருணை வழங்கிய பின் சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தலைமாட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் ஒன்று தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "சாமி, வாத்தியாரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்" என்றார். "ஐயோ, ஆரம்பித்துவிட்டாரா? இந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டாயிற்று சாமி" என்று மருமகள் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

நெய்வேலி இளைஞனின் முகம் என் கண்முன் வந்தது. "நான் கேட்டதில்லையே, சொல்லுங்கள்" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தின் சில காட்சிகள் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் படமாக்கப்பட்டன. இவர் அப்போது சிறுவன். பக்கத்தில் விட மாட்டார்கள் என்று தெரிந்து, நண்பர்கள் இருவரோடு இடுப்பளவு சேற்றில் இறங்கி, சுரபுன்னை வேர்களுக்கிடையே புகுந்து சென்று ஒளிந்திருக்கிறார். நெடுநேரம் கழித்துத் தொலைவில் ஒரு படகு சென்றது. அதில் ஒரு சிவந்த முகம் தெரிந்தது. அவ்வளவுதான். மகிழ்ச்சியில் குதித்தபோது ஒரு கிளை முறிந்து, அதன் பால் கண்ணில் தெறித்துவிட்டது. அது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அதுதான். அதன் பால் கண்ணுக்குக் கேடு செய்யும். இரண்டு நாள் அவரால் கண் திறக்க முடியவில்லை.

"அந்த இரண்டு நாளும் மூடின கண்ணுக்குள்ளே அவரேதான் இருந்தார் சாமி" என்று சொல்லி முதியவர் சிரித்தார். 1987 திசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது, பெற்ற தகப்பனுக்குச் செய்வதுபோல் தலையை மழித்துக்கொண்டதாகவும் சொன்னார். "அவருக்கு என்னைத் தெரியாது சாமி. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். அது போதாதா?" என்று கேட்டார். போதும் என்று சொல்ல என் நா எழவில்லை. போதாது என்று சொல்ல மனம் வரவில்லை.

வாசகர்களே, மனிதன் ஏன் இப்படி ஏங்குகிறான்? சேற்றில் இறங்குகிறான், மதிலில் ஏறுகிறான், வெயிலில் காய்கிறான். 'கண்டதே காட்சி, கொண்டதே கோலம்' என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் நெடுநாள் அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன். ஆனால் அந்த இளைஞனின் சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள். "நான் அவரைப் பார்த்தேன்" என்று அவன் சொல்லவில்லை. "அவர் என்னைப் பார்த்தார்" என்றான். காண வேண்டும் என்னும் ஆவலுக்கு அடியில், தான் காணப்பட வேண்டும் என்னும் தாகம் இருக்கிறது. யாரேனும் ஒருவர், மேலே நிற்கும் ஒருவர், தன்னை ஒரு கணம் நோக்க வேண்டும். நீ இருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். வேலையின்றி, வீட்டில் வசை கேட்டு, தெருவில் பெயரின்றித் திரியும் இளைஞனுக்கு இத்தாகம் எவ்வளவு பெரிது!

சிதம்பரம் மண்ணில் இத்தாகத்தின் கதை மிகப் பழையது. ஆதனூர் நந்தனார் தில்லைக்குப் போக வேண்டும் என்று நாள்தோறும் ஏங்கி, நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப் போவார்' என்று பெயர் பெற்றவர். பிறப்பைக் காரணம் காட்டி அவரை வெளியே நிறுத்திய காலம் அது. அவர் திருப்புன்கூருக்குச் சென்று வாயிலுக்கு வெளியே நின்றபோது, பார்வையை மறைத்த நந்தி விலகி வழிவிட்டது என்று பெரியபுராணம் சொல்கிறது. அக்கதை உழவர் வீடுகளில் இன்றும் கண்ணீரோடு சொல்லப்படுகிறது. வெளியே நின்ற ஏழையின் ஏக்கம் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்தது என்பதே அதற்குக் காரணம்.

நம் வேதாகமத்தில் எரிக்கோ நகரத்துச் சக்கேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். குள்ளமான மனிதர், கூட்டம் மறைத்தது. மதிப்புள்ள ஓர் அதிகாரி என்பதையும் மறந்து, முன்னே ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறிக்கொண்டார். நம் ஊரில் தலைவர்கள் வரும்போது மின்கம்பத்தில் ஏறும் பிள்ளைகளுக்கு அவரே மூதாதை! ஆனால் அங்கே நடந்தது வேறு. காணப்பட வந்தவர் மரத்தடியில் நின்றார்; நிமிர்ந்து பார்த்தார்; பெயர் சொல்லி அழைத்தார்; அவர் வீட்டுக்கே விருந்துக்குப் போனார். அன்று சக்கேயுவின் வாழ்வு மாறிற்று.

மேடையிலும் வாகனத்திலும் நிற்கும் எந்த மனிதராலும் இதைச் செய்ய முடியாது. அவர் கெட்டவர் என்பதால் அன்று. அவரும் ஒரு மனிதரே என்பதால். இருபதாயிரம் பேரைப் பெயர் சொல்லி அழைக்க ஒரு வாய்க்கு இயலாது. கூட்டமும் அவரை உண்மையில் காண்பதில்லை. மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராச பாகவதரை எண்ணிப் பாருங்கள். 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன்பின் அவர் ஒரு கொலை வழக்கில் கைதானார். 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தார். அதன் பின் அவர் நடித்த படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959இல், ஐம்பது வயது நிறையுமுன் மறைந்தார். கூட்டத்தின் கண் அவருடைய புகழைக் கண்டது; புகழ் நகர்ந்ததும் தானும் நகர்ந்தது. கீழே நிற்பவன் புள்ளி என்றால், மேலே நிற்பவரும் நிழல்தான். நிழலும் புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது எப்படி?

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஓர் இனிய சிந்தனையாக முடித்திருப்பேன். ஆனால் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சனிக்கிழமை வந்தது.

2024இல் தமிழக வெற்றிக் கழகம் என்னும் கட்சியைத் தொடங்கிய விஜய், அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் மக்களிடையே பேச வந்தார். நண்பகல் முதலே மக்கள் காத்திருந்தனர். அவர் வந்து சேர்ந்தது இரவு 7 மணிக்குப் பிறகு. அந்த நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்கள் பலர், குழந்தைகளும் இருந்தனர். யார் பொறுப்பு என்று ஆராய்வது என் வேலை அன்று. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த 41 பேரும் புள்ளிகள் அல்லர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. திரும்பி வருவார்கள் என்று மூடி வைத்த சோறு இருந்தது.

இது முதன்முறையும் அன்று. 1992 பிப்ரவரி 18இல் கும்பகோணம் மகாமகத்தின்போது, திரையுலகிலிருந்து வந்து அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நீராட வந்த நாளில், நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் மாண்டனர். 2024 திசம்பர் 4 இரவு ஐதராபாத்தில், நடிகர் அல்லு அர்ஜுன் திரையரங்குக்கு வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார். அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். 2025 சூன் 4 அன்று பெங்களூருவில் கிரிக்கெட் அணியின் வெற்றியைக் கொண்டாடத் திரண்டவர்களில் 11 பேர் மாண்டனர். காண வந்தவர்கள், கண்டோ காணாமலோ, வீடு திரும்பவில்லை.

பெற்றோர் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கே சொல்லிவிடுகிறேன். இத்தகைய நெரிசலில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி இறக்கின்றனர். நீளமும் அகலமும் மூன்றேகால் அடி உள்ள ஓர் இடத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், கூட்டம் தண்ணீரைப்போல் அலைபாயத் தொடங்குகிறது. அதன்பின் நம் கால் நம் வசம் இராது. நாற்புறமும் அழுத்தம் ஏறுவதால் நெஞ்சு விரிய இடமின்றிப் போகிறது. பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. ஆவலோடு மேலும் முன்னேறுகின்றனர். யாரும் கொல்ல நினைப்பதில்லை. ஆயினும் உயிர் போகிறது.

ஆகையால், கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் இத்தகைய கூட்டங்களுக்குக் கொண்டு செல்லவே வேண்டா. சென்றவர்கள், உள்ளே நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள். இரு பக்கமும் தோள் உரசத் தொடங்கிய உடனே, இடம் போனாலும் போகட்டும் என்று வெளியேறுங்கள். சிக்கிக்கொண்டால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை ஓயும்போதெல்லாம் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியாதீர்கள். இது நடிகர் கூட்டத்துக்கு மட்டும் சொன்னது அன்று. நம் தேர்த் திருவிழாக்களுக்கும், செப்டம்பர் 8ஐ ஒட்டி வேளாங்கண்ணியில் திரளும் கூட்டத்துக்கும் இது பொருந்தும். பங்குப் பேரவையினர் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

அந்தச் சனிக்கிழமை இரவுக்கு வருகிறேன். பத்து மணி இருக்கும். தொலைபேசி ஒலித்தது. என் பழைய பங்கிலிருந்து ஒரு தாயின் குரல். "சாமி, என் பையன் கரூரில் இருக்கிறான். போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான். டி.வி.யில் என்னென்னவோ சொல்கிறார்கள் சாமி" என்று கதறினார். நெய்வேலிப் படத்தில் புள்ளியாய் நின்றவனின் தாய். அவனுக்குக் கரூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையே அப்போதுதான் அறிந்தேன். அவன் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை, ஏன் சொல்லப்போகிறான்? நான்தான் சிரித்தவன் ஆயிற்றே. அந்தத் தாயோடு சேர்ந்து செபித்தேன். ஆயினும் என் வாயில் செபம் வந்ததே ஒழிய, மனக்கண்ணில் அந்தக் கரிய புள்ளியே நின்றது. பதினொன்றரை மணிக்கு மீண்டும் தொலைபேசி. "பேசிவிட்டான் சாமி" என்றார். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஊர் வந்தவன், மறுநாள் பேருந்து ஏறிச் சிதம்பரம் வந்து என்னைச் சந்தித்தான். முகத்தில் மீசை வந்திருந்தது. பேச்சு மட்டும் பழையபடியே சுருக்கம்.

"அன்றைக்கு மதியமே போய்விட்டேன், ஃபாதர். நல்ல இடம். நான் குடியிருக்கும் வீட்டுக்காரருடைய சின்னப் பெண்ணும் வந்தாள். அடம் பிடித்தாள் என்று கூட்டிக்கொண்டு போனேன். தோளில் உட்கார வைத்திருந்தேன். சாயங்காலம் ஆனதும் 'மாமா, தாகமாக இருக்கிறது' என்றாள். இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் என்றேன். மறுபடியும் சொன்னாள். வெளியே வந்தால் அந்த இடம் போய்விடும். ஆறு வருடத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் பார்க்கலாம்..."

சற்று நிறுத்தினான்.

"வந்துவிட்டேன், ஃபாதர். பக்கத்துச் சந்துக்குள் ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். போன் எப்போது அணைந்ததென்றே தெரியவில்லை. இந்தத் தடவை நான் அவரைப் பார்க்கவில்லை."

எவ்வளவு பெரிய செயலைச் செய்தோம் என்பதை அவன் உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக ஏங்கிய காட்சியை, ஒரு குழந்தை இரண்டு முறை சொன்ன சொல்லுக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறான். கூட்டமெல்லாம் முன்னே நோக்கிக்கொண்டிருந்தபோது, இவன் தன் தோளில் இருந்தவளை நோக்கினான். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஏங்கியவன், மற்றொருவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அவனுக்கு நான் இதைக் கற்பிக்கவில்லை. கற்பித்திருக்க வேண்டிய நாளில் சிரித்துவிட்டேன்.

"தம்பி, அன்றைக்கு நெய்வேலியில் எடுத்த அந்தப் படம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவன் வியப்போடு என்னைப் பார்த்தான். "இருக்கிறது, ஃபாதர்."

"காட்டு. நீ எந்தப் பக்கம் நின்றாய்?"

கைப்பேசியை எடுத்து, அதே விரல்களால் பெரிதாக்கி, அந்தப் புள்ளியைக் காட்டினான். எத்தனை மணிக்குப் போனான், யாரோடு போனான், எப்படி நின்றான், எப்படிக் கத்தினான் என்று அரைமணி நேரம் சொன்னான். நான்கு சொற்களுக்கு மேல் பேசாத அந்தப் பிள்ளை! ஆறு ஆண்டுகளுக்கு முன் அணைந்த ஒளி மெல்ல மெல்லத் திரும்பி வருவதைக் கண்டேன்.

அன்புப் பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஒரு நடிகரையோ ஆட்டக்காரரையோ கண்டு வந்து கண் பளபளக்க உங்கள் முன் நிற்கும் நாள் ஒன்று வரும். அப்போது கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் மறுநாள் கண்டித்துக்கொள்ளலாம். கூட்டத்தின் ஆபத்தையும் மறுநாள் எடுத்துச் சொல்லலாம். கேட்கப்பட்ட பிள்ளைதான் கேட்கும். அந்த ஒரு மாலை மட்டும் தோசை கருகினாலும் பரவாயில்லை. அவன் முகத்தைப் பார்த்து, என் அம்மா என்னைக் கேட்டதை நீங்களும் கேளுங்கள்: "அப்படியா கண்ணு? நீ எந்தப் பக்கம் நின்றாய்?"